சொந்தத் தேவைக்கும் கல்யாணங்களுக்கும்

1

இந்தக் கதையை எழுதும்படி என்னைக் கேட்டுக்கொண்டவர் என் தம்பி மனைவி கலாராணி. கேட்டுக்கொண்டவர் என்பது மரியாதைக்காக நான் போடும் சொல். சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் கலஹாவிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பெரியத்தான், போக வேணாம்னு சொன்னது நீங்க. அந்தப் படத்த எடுத்துருன்னு சொன்னதும் நீங்க. அதனால நடந்தத நீங்களே எழுதிருங்க."

தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தாறு வருஷம் கோப்புக் கோவைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு விஷயம் எங்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்று நினைப்பவன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆகவே வாசகர் இரண்டு விஷயங்களை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். காப்புறுதிக் கம்பனியின் பெயரை எழுத மாட்டேன். தொகையையும் எழுத மாட்டேன். காருக்குக் காப்புறுதி செய்திருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் முதலில் தருவதாகச் சொன்னார்கள் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

'நான்' என்று எழுதினால் எனக்காக நானே நியாயம் பேசத் தொடங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கதைக்குள் வரும்போது என்னை 'மூத்தவர்' என்றே எழுதப்போகிறேன். கதையைக் கலாராணியின் பக்கம் நின்று சொல்லப்போகிறேன். ஏனென்றால் வேலை செய்தது அவர். ஆனால் தம்பி மனைவியின் மனசுக்குள் புகுந்து எழுதுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தொலைபேசியில் அனுமதி கேட்டேன்.

"போங்க. ஆனா செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றார்.

2

முதல் தொடக்கம்: 'ஐப்பசி மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பேராதனை வீதியோரத்தில் நின்ற கிழட்டு மாரா மரம் ஒன்று மெல்லச் சாய்ந்து —'

வேண்டாம். மரத்துக்கு இந்தக் கதையில் ஒரு நிமிஷ வேலைதான். அதற்கு முதல் வரியைக் கொடுத்தால் மரத்தைத்தான் குற்றவாளி என்று நினைப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: '1960ஆம் வருஷத்து ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார், நான்கு கதவுகள், இளஞ்சாம்பல் நிறம், இயந்திர இலக்கம் —'

இது கச்சேரிக் குறிப்பு. கை பழகிவிட்டது.

மூன்றாம் தொடக்கம்:

ரத்தினம்மாவுக்கு அப்போது ஏழு வயது. ஹோர்ன் சத்தம் கேட்டதும் அவளுடைய அம்மா மழையிலும் குடையை மடக்கினாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கானுக்குள் இறங்கினாள். வெள்ளைக்காரத் துரையின் கார் போகும்போது தேயிலைத் தோட்டத்து ஆள் ரோட்டில் நிற்கக்கூடாது, குடையும் பிடிக்கக்கூடாது. கணுக்கால் வரைக்கும் ஓடிய தண்ணீரில் நின்றபடி ரத்தினம்மா அந்தச் சாம்பல் நிறக் காரின் சக்கரத்தைப் பார்த்தாள். சக்கரத்தின் நடுவில் இருந்த வெள்ளித்தட்டில் தன் முகம் ஒரு கணம் சுற்றிப் போனதாக இன்றைக்கும் சொல்கிறாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷத்தில் அந்தத் துரை ஊருக்குக் கப்பல் ஏறினார். காரை வாங்கியவர் எங்கள் அப்பா. தெல்தோட்டைப் பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். மறுவருஷம் ரத்தினம்மாவின் தகப்பன், மகளின் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு வந்து நின்றார். பொண்ணு கோயிலுக்கு எப்படிப் போகுது என்று அப்பா கேட்டார். நடந்துதாங்க என்றார் அவர்.

"நடக்க வேணாம். கார் வரும்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில், கேட்ட வீட்டுக்கெல்லாம், மணப்பெண் கோயிலுக்கு அந்தக் காரின் பின்சீட்டில்தான் போனாள். வாடகை என்ற பேச்சே கிடையாது. அப்பாவுக்குப் பிறகு தம்பி ராஜரத்தினம் ஓட்டினார். கலஹாவில் பள்ளிக்கூட அதிபராக இருந்தபோதும் ஓட்டினார், ஓய்வு பெற்ற பிறகும் ஓட்டினார். கல்யாணத்தன்று டை கட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். தம்பி ஒரு நாளும் பெண் வீட்டாருக்கு முன்னால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிச் சாப்பிட உட்கார்ந்ததில்லை என்று —

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. தம்பியைப் புகழ்வதுபோல் என் குடும்பத்தைப் புகழ்கிறேன். விடுகிறேன்.)

3

மரம் விழுந்தபோது காரில் ஒருவரும் இல்லை. கலாராணியும் ராஜரத்தினமும் பேராதனை ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது காரின் கூரை சீட்டின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. மரத்தின் கிளைகள் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து உட்கார்ந்திருந்தன. ராஜரத்தினம் கையிலிருந்த குடையை மடக்கினார். மழையில் நனைந்துகொண்டு காரின் முன்னால் நின்றார். கலாராணி தன் குடையை அவருக்குப் பிடித்தாள். அவர் அதையும் விலக்கினார்.

(கலாராணியை இனிமேல் 'அவள்' என்று எழுதுகிறேன். கதை அப்படிக் கேட்கிறது. நேரில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை என்பது பதிவாகட்டும்.)

திருத்துகிற செலவு காரின் பெறுமதியைத் தாண்டும், ஆகவே முழு நட்டமாகத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று கம்பனியிலிருந்து வந்த கஜேந்திரன் சொன்னான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், மரியாதையாகத்தான் பேசினான். நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தான். அதில் ஒன்பதாவது கேள்வி: வாகனம் எத்தேவைக்குப் பயன்படுத்தப்பட்டது?

ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதினார்: 'சொந்தத் தேவைக்கும் கல்யாணங்களுக்கும்.'

கலாராணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுதியது உண்மைதான். அதை எழுதும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததையும் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் 'சொந்தத் தேவைக்கு' என்று இரண்டு சொல்லோடு நிறுத்தியிருப்பார்கள். இந்தக் குடும்பத்து ஆம்பளைகளுக்கு அந்த மூன்றாவது சொல்லை எழுதாமல் இருக்க முடியாது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வாகனத்தின் வயதைப் பார்க்கும்போது அதன் நிலை சாதாரணமானதாகவே இருந்திருக்கும் என்றது. கல்யாணங்களுக்கு விடப்பட்டதாக உரிமையாளரே எழுதியிருப்பதால் அது வாடகை ஓட்டம், சொந்தப் பாவனைக்கான காப்புறுதியின் நிபந்தனைக்கு முரணானது என்றது. ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக முடித்திருந்தது.

ராஜரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தார். தொகையிருந்த வரியை அவர் விரல் தாண்டிப் போனதைக் கலாராணி கவனித்தாள். விரல் நின்றது 'வாடகை' என்ற சொல்லில்.

4

ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் கண்டியிலிருந்து வந்தார்.

வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் கோவை. கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார். வாடகை என்று எழுதியது தவறு என்று மறுப்புக் கடிதம் ஒன்று போதும். அதை அவரே எழுதுவார். காசைத் தந்தால் தரட்டும், தராவிட்டால் போகட்டும். அதற்கு மேல் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது இந்தக் குடும்பத்துக்கு அழகில்லை.

வாடகைக்கு விடவில்லை என்பதற்குச் சாட்சி கேட்டால் என்ன செய்வது என்று கலாராணி கேட்டாள். காரில் போன பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் சொன்னால் ஆகாதா?

மூத்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பா குடுத்ததுக்கு, லயம் லயமா, வீடு வீடா போய்ச் சாட்சி கேக்குறதா? குடுத்தத திருப்பிக் கேக்குறது மாதிரி அது. தம்பி, நீ போகக்கூடாது."

ராஜரத்தினம் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். தலையை ஆட்டினார்.

கலாராணி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கழுவும்போது அவளுக்குக் கோபம் வந்ததாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது இல்லை என்றார். சிரிப்பு வந்ததாம். சாட்சி என்றதும் அண்ணனும் தம்பியும் ஆட்களைத்தான் நினைத்தார்கள். அவளுக்கு அலுமாரிகள் ஞாபகம் வந்தன. எந்த வீட்டு அலுமாரியிலும், துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு கல்யாண அல்பம் இருக்கும். எந்த அல்பத்திலும் பெண் இறங்குகிற படம் இருக்கும். அந்தப் படத்தில் கார் இருக்கும்.

மறுநாள் காலை அவள் சேலையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ராஜரத்தினம் எங்கே என்று கேட்டார்.

"தெல்தோட்டைக்கு."

"அண்ணன் வேணாம்னு சொன்னாரே."

"உங்களத்தான் போகக்கூடாதுன்னாரு. என்னச் சொல்லல."

5

மார்கழி முழுக்க அவள் பஸ்ஸில்தான் இருந்தாள். கலஹா, தெல்தோட்டை, இடையிலுள்ள தோட்டங்கள், வாழ்க்கைப்பட்டுக் கம்பளைக்குப் போனவர்களின் வீடுகள். கேட்பதற்கு வாய் வராதோ என்று முதல் வீட்டில் பயந்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கார் மரத்தில் நசுங்கிய செய்தி அவளுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. உடம்புக்கு முடியாத ஆளை விசாரிப்பதுபோலக் காரை விசாரித்தார்கள். அல்பம் என்று சொல்லி முடிப்பதற்குள் அலுமாரி திறந்தது.

இருபத்துமூன்று அல்பங்கள் சேர்ந்தன. கறுப்பு வெள்ளையில் தொடங்கி, சிவப்பேறிய வர்ணப் படங்களாகி, கடைசியில் கம்ப்யூட்டரில் மேகமெல்லாம் சேர்த்த பளபளப்புத் தாளில் முடிந்தன. மணப்பெண்கள் மாறினார்கள், கொண்டைகள் மாறின, கார் அப்படியே நின்றது. கடைசி அல்பம் மரம் விழுவதற்கு ஆறு வாரம் முந்தியது, ஆவணியின் கடைசி முகூர்த்தம்.

கம்பளையில் பளீல் நானாவின் கராஜுக்கும் போனாள். காரைப் பார்த்துவந்த மெக்கானிக் அவர்தான், அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா. காரின் நிலை பற்றி ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டாள்.

"தாறேன் மிஸ். என்ட பொஞ்சாதியோட கதைச்சதக் காட்டிலும் நான் இந்தக் காரோடதான் கூடக் கதைச்சிருக்கேன். அதையும் எழுதவா?"

அதை எழுத வேண்டாம் என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு கண்டியில் மூத்தவர் வீட்டுப் படியேறினாள். மறுப்புக் கடிதம் அவர்தான் எழுத வேண்டும். கடிதம் எழுத அவரைவிட்டால் அந்தக் குடும்பத்தில் ஆளில்லை என்பதை அவளும் ஒத்துக்கொள்கிறாள். மூத்தவர் பைகளைப் பார்த்தார். முகம் இறுகியது. ஆனாலும் அல்பங்களை வருஷ வாரியாக அடுக்கத் தொடங்கினார். ஒழுங்கில்லாத கடதாசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

முதலாவது அல்பம் ரத்தினம்மாவுடையது. ஐந்தாவது பக்கத்தில் அவர் கை நின்றது.

படத்தில் கார்க் கதவு திறந்திருக்கிறது. ரத்தினம்மாவின் தகப்பன் குனிந்து ஒரு தாம்பாளத்தை நீட்டுகிறார். அப்பா நின்று வாங்குகிறார். தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, பாக்கு. வெற்றிலைக்கு மேலே, மடிக்காமல், ஒரு பத்து ரூபாத் தாள்.

1976இல் பத்து ரூபா என்பது சும்மா காசு இல்லை. அந்தத் தூரத்துக்கு வாடகைக் கார் பிடித்தால் அவ்வளவுதான் கேட்டிருப்பான்.

மூத்தவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தின் மூலையில் நகத்தை விட்டார்.

"இத எடுத்துரு" என்றார். "இருபத்திரண்டு அல்பம் போதும்."

கலாராணி அல்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி மூடினாள். "எடுக்க மாட்டேன் பெரியத்தான். எடுத்தா அது பொய்யாப் போயிரும். நாஞ்சொல்றது படத்த இல்ல. மத்த இருபத்திரண்டையும்."

* அடிக்குறிப்பு. இந்தப் பகுதியை முதலில் வேறு மாதிரி எழுதினேன்: 'படம் தெளிவில்லாமல் இருந்தது. ஆகவே அதைச் சேர்க்க வேண்டாம் என்று மூத்தவர் ஆலோசனை சொன்னார்.' படம் தெளிவாகத்தான் இருந்தது. தாளிலிருந்த படம்கூடத் தெரிந்தது. அன்று இரவு முழுக்கவும் மறுநாள் முழுக்கவும் என் அப்பா வாடகை வாங்கினார் என்றே நம்பினேன். எழுபத்தெட்டு வருஷம் தலையில் வைத்துக்கொண்டு நடந்த மனிதரை, ஒரு கம்பனிக் கடிதத்தின் சொல்லைக் கொண்டு சந்தேகித்தேன். இந்த அடிக்குறிப்பை அடித்துவிட்டால் கதை சுத்தமாக இருக்கும். அவள் படத்தை எடுக்கவில்லை. நானும் இதை எடுக்கவில்லை. அடித்த வரிகளையும் விட்ட வரிகளையும் இந்தக் கதையில் ஏன் அப்படியே வைத்திருக்கிறேன் என்று கேட்டால், பதில் இதுதான்.

6

கலாராணி அதே அல்பத்தோடு மறுபடி தெல்தோட்டை பஸ் ஏறினாள். சந்தேகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் படுக்க அவளால் முடியாது, கேட்டுவிட்டால் தீர்ந்தது.

ரத்தினம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்து ரூபா தன் தகப்பன் வைத்ததுதான் என்றாள். கலாராணி அல்பத்தை மூடப் போனாள்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு படம் புடிச்சவன் புடிக்கல, சுருள் முடிஞ்சு போச்சு" என்றாள் ரத்தினம்மா. "ஐயா தேங்கா வெத்தலய எடுத்துக்கிட்டாரு. அந்தத் தாள எடுத்து, சட்டப் பையிலேருந்து ஒத்த ரூபாக் காசு ஒண்ணு எடுத்து மேல வச்சு, என் கையில குடுத்தாரு. 'பதினொண்ணு. இந்தக் காருலேருந்து எறங்குற பொண்ணு வெறுங்கையா எறங்கக்கூடாது'ன்னாரு. எங்கப்பா அழுதுட்டாரு."

பிறகு எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றினாள். பின்பக்க அட்டையைத் தள்ளினாள். உள்ளே அந்தத் தாள் இருந்தது. தேயிலைக் கொழுந்து விலை இறங்கியபோதும், சோற்றுக்கு இல்லாதபோதும், கையை வைக்காத தாள். ஒற்றை ரூபாக் காசை மட்டும் மகள் சின்ன வயதில் எடுத்து இனிப்பு வாங்கித் தின்றுவிட்டாளாம். அதற்கு வாங்கிய அடியை மகள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாளாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கலாராணி கணவனைக் கேட்டாள். நீங்களும் கொடுத்தீர்களா? ராஜரத்தினம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. எல்லாருக்கும் கொடுத்தேன் என்றார். பத்து ரூபா தாளிலிருந்து காசாக மாறிய பிறகும், பதினொரு ரூபாவுக்கு ஒரு தேநீர்கூட வராத காலத்திலும், பதினொன்றுதான். அப்பா கூட்டச் சொல்லவில்லை, குறைக்கவும் சொல்லவில்லை.

"எனக்குச் சொல்லவே இல்லயே."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"நான் வெளியவா?"

ராஜரத்தினம் பேப்பரை மடித்து வைத்தார். 

* அப்பா இதைத் தம்பிக்குச் சொன்னார், ஓட்டுகிறவர் தம்பி என்பதால். எனக்குச் சொல்லவில்லை. நான் கண்டிக்குப் போய்விட்டேன், எனக்குத் தேவைப்படவில்லை என்று நினைத்திருப்பார். [அடித்தது: இதில் எனக்கு வருத்தமில்லை.]

7

கம்பனிக் கந்தோர் கண்டி நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. மூத்தவர் எழுதிய மறுப்புக் கடிதத்துக்கு, நேரில் வந்து பேசலாம் என்று பதில் வந்திருந்தது. தை பிறந்து இரண்டாவது புதன்கிழமை. கலாராணி முன்னால் ஏறினாள், டை கட்டிய ராஜரத்தினம் பின்னால் ஏறினார், அவருக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் ஏறினார்கள். தெல்தோட்டையிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தவர்கள். இருபத்துமூன்று பேரும் வருவதாகத்தான் சொன்னார்கள். வானில் இடமில்லை.

மேலாளர் ஒரு சிங்களப் பெண்மணி. கஜேந்திரன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தான். அறையில் நாலு கதிரைதான் இருந்தது. பியூன் வெளியிலிருந்து கதிரை கொண்டுவரக் கொண்டுவர, கஜேந்திரனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

கலாராணி முதலில் மேசையில் வைத்தது அந்தப் பத்து ரூபாப் படத்தைத்தான்.

அதை முதலில் வைப்பாள் என்று ராஜரத்தினத்துக்கே தெரியாது. கஜேந்திரன் குனிந்து பார்த்தான். தாம்பாளத்தில் விரலை வைத்தான். "இதில காசு கிடக்கே, மிஸ்" என்றான். குரலில் வெற்றி இல்லை, பாவமாகத்தான் கேட்டான்.

"ஆமா. அதத்தான் கேக்க வந்திருக்கோம். நா ஒண்ணும் சொல்லல. இவுங்கள ஒவ்வொருத்தரா உள்ளுக்குக் கூட்டிட்டுப் போய், காருக்கு என்ன குடுத்தீங்கன்னு நீங்களே கேளுங்க. ஒருத்தர் சொல்றது மத்தவருக்குக் கேக்க வேணாம்."

மேலாளர் பேனாவை மூடினார். ஹரி என்றார், அதாவது சரி.

கஜேந்திரன் பக்கத்து அறைக்குப் போனான். பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். 1976, 1983, 1991, அப்படியே போன ஆவணி வரைக்கும். போனவர்கள் ஒரு நிமிஷத்துக்கு மேல் உள்ளே இருக்கவில்லை. எட்டாவது பெண் வெளியே வந்த பிறகும் கஜேந்திரன் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எட்டுப் பேரும் ஒண்டைத்தான் சொல்லினம். தாங்கள் ஒண்டும் குடுக்கேல்லையாம். தங்களுக்குத்தான் தந்தவையாம். பதினொரு ரூபா."

பிறகு அதைச் சிங்களத்தில் சொன்னான். மேலாளர் ஒரு தரம் அவனைப் பார்த்தார், ஒரு தரம் பெண்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருபத்தைந்து வருஷமாக வாகனக் காப்புறுதியில் இருக்கிறேன், பயணம் போனவருக்குக் கார்க்காரன் காசு கொடுத்த வாடகை ஓட்டத்தை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றார். ரத்தினம்மா மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். மேலாளர் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

அதன்பிறகு காரின் நிலை. கலாராணி கடைசி அல்பத்தைத் திறந்தாள். மணப்பெண் காரிலிருந்து இறங்கி முன்னால் வந்து குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்கிற படம். கஜேந்திரன் அதை யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். காரைப் பார்த்துப் பிழைக்கிறவன். அவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"பம்பரில பொம்பிளையின்ர முகம் தெரியுது" என்றான். "நெத்திச்சுட்டியும் தெரியுது."

ஒவ்வொரு வருஷமும் உங்கள் ஆள்தான் வந்து காரைப் பார்த்து இவ்வளவு பெறும் என்று எழுதினார், அந்தத் தொகைக்குத்தான் கட்டணமும் வாங்கினீர்கள் என்று கலாராணி சொன்னாள். வாங்கும்போது நல்ல காராக இருந்தது, தரும்போது எப்படிச் சாதாரணக் கார் ஆனது? மொழிபெயர்த்து முடிக்கும் வரைக்கும் மேலாளர் காத்திருக்கவில்லை. முழுத் தொகைக்கும் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். நசுங்கிய காரை வீட்டாரே வைத்துக்கொள்ளலாம் என்றார். கடிதம் இரண்டு வாரத்தில் தபாலில் வரும்.

ராஜரத்தினம் எழுந்து கைகூப்பினார். கலாராணி எழவில்லை.

"காசு எப்ப வேணும்னாலும் வரட்டும். வாடகைக்கு விட்டதில்லன்னு ஒரு வரி, நல்லா வச்சிருந்தாங்கன்னு ஒரு வரி. அத இன்னைக்கே எழுதிக் குடுங்க. அது வரைக்கும் இங்கயே இருக்கோம்."

கஜேந்திரன் இதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினம்மா பையிலிருந்து சோற்றுப் பார்சல்களை எடுத்து வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினாள். மேலாளருக்கும் ஒன்று வைத்தாள்.

முக்கால் மணித்தியாலத்தில் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்தும் முத்திரையுமாக வந்தது. ராஜரத்தினம் அதை வாசித்தார். இந்த முறை விரல் எந்தச் சொல்லிலும் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் போனது.

இவ்வளவும் நடந்தபோது மூத்தவர் எங்கே இருந்தார்? கீழே, நடைபாதையில். குடும்ப கௌரவத்தை முன்னிட்டு அவர் மேலே போகவில்லை என்று எழுதினேன். வெட்கத்தில் போகவில்லை என்று திருத்துகிறேன்.

படியிறங்கி வந்த பெண்களில் ரத்தினம்மா அவரைக் கண்டுகொண்டாள். அப்பாவின் நெற்றியும் மூக்கும் அவருக்குத்தான்.

"பெரிய கிளாக்கரய்யா மூத்த மகங்களா? ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

மூத்தவர் நிழலுக்கு நகர்ந்தார். ரத்தினம்மா அந்தத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஓரங்கள் பஞ்சு மாதிரி ஆகியிருந்தன. அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடிவிட்டார். சட்டைப் பையில் தேடினார். ஒற்றை ரூபாக் காசு இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது. ராஜரத்தினம் பின்னாலிருந்து ஒன்றை நீட்டினார். அவருடைய பையில் எப்போதும் இருக்குமாம்.

"பதினொண்ணு" என்றார் மூத்தவர்.

அன்று அவர் சொன்ன ஒரே சொல் அதுதான்.

8

இப்போது முடிவு.

காசு வங்கிக்கு வந்த நாளோடு முடிக்கலாம். தொகையை எழுத மாட்டேன் என்று சொன்னவன் அதை எப்படி எழுதுவது? முழுத் தொகை. அவ்வளவுதான்.

கடிதத்தைச் சட்டம் போட்டு அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டியதோடு முடிக்கலாம். மாட்டியிருக்கிறோம். ஆனால் கடிதத்தில் 'சிறந்த' என்ற சொல்லை இரண்டு தரம் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் சிவப்புப் பேனா எடுக்கத் தோன்றுகிறது. தம்பி விடமாட்டேன் என்கிறார். இரண்டு தரம் இருந்தால் இருக்கட்டும் என்கிறார்.

காசு பளீல் நானாவிடம் போனது என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. பழைய காரொன்றின் கூரையை மாத்தளையில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து பொருத்தினார். நாலு மாதம் எடுத்தது. போன வெள்ளிக்கிழமை கம்பளையிலிருந்து கலஹா வரைக்கும் அவரே ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். ரத்தினம்மாவின் பேத்தி யசோதினிக்கு ஆவணியில் முகூர்த்தம். காப்புறுதி இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாது. ஆகவே அதே கம்பனி, புதுப் படிவம். கொண்டுவந்து தந்தவன் கஜேந்திரன். அவன் வாசலில் நின்று பம்பரைக் குனிந்து பார்த்தான், தலைமயிரைச் சரிசெய்துகொண்டான்.

நேற்று அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். தம்பி எழுதினார். பெயர், விலாசம், வருஷம், நிறம். ஒன்பதாவது கேள்வியில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, என்ன எழுத?"

கலாராணி தேநீரோடு வந்து பின்னால் நின்றார். என்னைத்தான் பார்த்தார். வம்பு வேண்டாம் என்றால் இரண்டு சொல் போதும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கச்சேரியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கட்டம் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எதை எழுதினால் பிரச்சினை வராது என்பது என் தொழில். நான் வாயைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்பது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் இவ்வளவு தூரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறீர்கள். படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். பேனா இதோ. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதுங்கள்.

9. வாகனம் எத்தேவைக்குப் பயன்படுத்தப்படும்?

..............................................................